பதினொரு விநாடி

மகேந்திரகிரி மலை அரசாங்கக் கணக்கில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. தோவாளையிலும் ஆரல்வாய்மொழியிலும் இருப்பவர்களுக்கு அது தங்கள் மலைதான். முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டி, காவல்கிணறுக்கு மேற்கே எழுந்து நிற்கும் அந்த மலையின் அடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. அங்குள்ள சோதனை மேடைகளில் இரண்டு கிரையோஜெனிக் எஞ்சின்கள் வளர்ந்து ஆளாயின. முதலில் வந்தது சி.இ-7.5. அடுத்து வந்தது சி.இ-20.

இரண்டுக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. அதை விநாடியில் சொல்வார்கள். ஒரு கிலோ எரிபொருளை எடுத்து, ஒரு கிலோ எடையைத் தாங்கும் அளவு உந்துவிசையை மட்டும் தொடர்ந்து தரச் சொன்னால், அந்த ஒரு கிலோ எத்தனை விநாடி நீடிக்கும் என்பதே கணக்கு. பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் அடுக்கில் இருக்கும் விகாஸ் எஞ்சினுக்கு இது 290 விநாடியை ஒட்டி வரும். சி.இ-7.5 பெற்றது 454. சி.இ-20 பெறுவது 443.

பின்னால் பிறந்தது, ஏறத்தாழ மூன்று மடங்கு வலுவானது, சந்திரயான்-2ஐயும் சந்திரயான்-3ஐயும் தூக்கிவிட்டது, ககன்யானில் மனிதரைத் தூக்கப் போவது சி.இ-20. மதிப்பெண் குறைந்ததும் அதுதான். அந்தப் பதினொரு விநாடியைப் பொறியாளர்கள் தெரிந்தேதான் விட்டுக்கொடுத்தார்கள். அவர்கள் எடுத்த முடிவுகளில் மிக நல்லவற்றுள் ஒன்றாக நான் இதைக் கருதுகிறேன்.

முதலில் ஒரு பழைய செய்தி. 1824இல் சாடி கார்னோ என்ற 28 வயது பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். வெப்பத்தை வேலையாக மாற்றும் எந்த எஞ்சினுக்கும் தாண்ட முடியாத ஓர் எல்லை உண்டு என்று அதில் காட்டினார். சூடான பக்கம் எவ்வளவு சூடு, குளிர்ந்த பக்கம் எவ்வளவு குளிர் என்பது மட்டுமே அந்த எல்லையை முடிவு செய்கிறது. உள்ளே சுழல்வது நீராவியா, காற்றா என்பதற்கு அதில் இடமில்லை. கார்னோவின் சுழற்சியில் உராய்வு இல்லை, கசிவு இல்லை, அவசரம் இல்லை. அவசரம் இல்லை என்பதுதான் சிக்கல். அந்த எல்லையைத் தொட வேண்டுமென்றால் எஞ்சின் முடிவே இல்லாத மெதுவில் ஓட வேண்டும். அப்படி ஓடும் எஞ்சினால் ஒரு படகைக்கூடத் தள்ள முடியாது.

படகு என்றதும் ரூடால்ஃப் டீசலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குளச்சலிலும் சின்னமுட்டத்திலும் விசைப்படகுகளை ஓட்டுவது அவர் பெயர் தாங்கிய எஞ்சின். 1893இல் அவர் வெளியிட்ட நூலில் இருந்த எஞ்சின் வேறு. கார்னோவின் எல்லையை நெருங்க வேண்டும் என்ற வேட்கையில், எரிபொருள் எரியும்போதும் உள்ளே வெப்பநிலை ஏறாமல் வைத்திருக்கத் திட்டமிட்டார். அதற்கு 250 வளிமண்டல அழுத்தம் வேண்டும் என்று கணக்கு சொன்னது. அப்படி ஒன்றைச் செய்தால், பெறும் வேலையில் பெரும்பகுதி காற்றை அமுக்கவே செலவாகிவிடும் என்பது பிறகு அவருக்குப் புரிந்தது. அழுத்தத்தைப் பல மடங்கு குறைத்தார். வெப்பநிலை ஏறட்டும் என்று விட்டார். 1897இல் ஆக்ஸ்பர்க்கில் சோதிக்கப்பட்ட எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் 26 சதவீதத்தை வேலையாக மாற்றியது. காகிதத்தில் அவர் கனவு கண்டது அதைவிட வெகு மேல். ஆனால் அன்றைய நீராவி எஞ்சின்கள் அந்த 26க்கு அருகில்கூட இல்லை. கனவு கண்ட சுழற்சியைக் கைவிட்ட பிறகே டீசல் எஞ்சின் பிறந்தது.

ராக்கெட் எஞ்சினும் வெப்பப் பொறிதான். அழுத்தத்தை ஏற்று, எரி, விரியவிடு என்ற மூன்று படிகளும் இங்கும் உண்டு. குளிர வைத்துத் திரும்ப உள்ளே கொண்டுவருவது என்ற நான்காவது படி மட்டும் இல்லை. விரிந்த வாயு விண்வெளிக்குப் போய்விடுகிறது. திரவத்தை அழுத்துவது வாயுவை அழுத்துவதைவிட மிக மலிவு என்பதால், அழுத்தம் ஏற்றும் செலவும் குறைவு. சி.இ-20இன் 443 விநாடி என்பது வாயு விநாடிக்கு ஏறத்தாழ 4.35 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்று பொருள்படும். அந்த வேகத்துக்கான இயக்க ஆற்றலையும், ஹைட்ரஜன் எரிந்து தரும் வெப்பத்தையும் பக்கத்தில் வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தால், முக்கால் பங்கை ஒட்டி வேலையாக மாறியிருப்பது தெரியும். நிலக்கரி அனல்மின் நிலையங்கள் பொதுவாக 35 முதல் 40 சதவீதத்துக்குள் நிற்பவை. மனிதர் செய்த வெப்பப் பொறிகளில் இலட்சியத்துக்கு இவ்வளவு அருகில் போனவை மிகச் சில. எஞ்சியிருக்கும் கால் பங்கில் எதைத் துரத்துவது, எதை விட்டுவிடுவது என்பதில்தான் இந்த இரண்டு எஞ்சின்களும் வழி பிரிந்தன.

சி.இ-7.5இன் மூதாதை மாஸ்கோவுக்கு அருகே பிறந்தது. 1960களில் அலெக்ஸி இசாயெவின் வடிவமைப்பு நிறுவனம், சோவியத் நாட்டின் என்-1 நிலவு ராக்கெட்டுக்காக 11டி56 என்ற ஹைட்ரஜன் எஞ்சினை வடிவமைத்தது. 1969க்கும் 1972க்கும் இடையில் என்-1 நான்கு முறை ஏவப்பட்டு நான்கு முறையும் தோற்றது. திட்டம் கைவிடப்பட்டது. எஞ்சின் ஒருமுறைகூடப் பறக்காமல் நின்றுபோனது.

அந்த எஞ்சினின் சுழற்சி மிக உயர்ந்த ரகம். அதைப் புரிந்துகொள்ள நம் ஊர்க் களம் போதும். நாஞ்சில் நாட்டில் அறுப்புக்கூலியை நெல்லாகவே அளந்து கொடுத்தார்கள், கொத்து என்பார்கள். ராக்கெட் எஞ்சினில் அப்படிக் கூலி வாங்குகிற வேலையாள் பம்ப். தொட்டியிலிருந்து வரும் திரவத்தை எரியறையின் பெரும் அழுத்தத்துக்கு எதிராக உள்ளே தள்ள வேண்டும். அந்தப் பம்பைச் சுழற்றும் டர்பைனுக்குத் தேவையான ஆற்றலும் அதே எரிபொருளிலிருந்துதான் அளக்கப்பட வேண்டும். ஒரு வகை எஞ்சினில் சிறு பகுதி எரிபொருளைத் தனியாக ஓர் அறையில் எரித்து, அந்த வாயுவால் டர்பைனைச் சுழற்றி, பிறகு வெளியே விட்டுவிடுவார்கள். கொத்து களத்தைவிட்டு வெளியே போய்விடுகிறது. இதுதான் கேஸ் ஜெனரேட்டர் சுழற்சி. இன்னொரு வகையில், டர்பைனைச் சுழற்றிவிட்டு வரும் வாயு முழுவதும் பிரதான எரியறைக்குள்ளேயே போய் மறுபடி எரிகிறது. வாங்கிய கொத்தை வேலையாள் பொலியிலேயே திரும்பக் கொட்டிவிடுகிறார். இது படிநிலை எரிதல் சுழற்சி. ரஷ்ய எஞ்சின் இந்த இரண்டாவது ரகம்.

காகிதத்தில் இதைவிட நல்லது இல்லை. ஒரு துளியும் வீணாகாது. ஆனால் டர்பைனிலிருந்து வெளியேறும் வாயு, ஏற்கெனவே 58 வளிமண்டல அழுத்தத்தை ஒட்டி இருக்கும் எரியறைக்குள் நுழைய வேண்டும். அதனால் டர்பைனுக்கு முன்னால் அழுத்தம் அதற்கும் மேல் இருக்க வேண்டும்; பம்ப் தள்ளும் அழுத்தம் அதற்கும் மேல். ஹைட்ரஜன் திரவம் ஒரு கன மீட்டருக்கு 71 கிலோதான். தண்ணீரின் எடையில் பதினான்கில் ஒரு பங்கு. இவ்வளவு இலேசான திரவத்தில் அழுத்தம் ஏற்றப் பம்ப் நிமிடத்துக்குப் பல பத்தாயிரம் சுற்றுகள் சுழல வேண்டும். போதாததற்கு எல்லாமே ஒன்றோடொன்று பிணைந்தவை. பம்ப் சுழல, டர்பைனுக்கு வாயு தரும் முன்னறை எரிய வேண்டும். முன்னறை எரியப் பம்ப் தள்ள வேண்டும். இரண்டும் பிரதான அறையின் அழுத்தத்தைப் பொறுத்தவை. ஒன்றைத் தனியாகக் கழற்றி மேடையில் வைத்துச் சோதிப்பது கடினம். சோதித்தாலும் சேர்த்துப் பூட்டிய பிறகு அது வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

1991 ஜனவரியில் இந்தியா இந்த எஞ்சினையும் அதைச் செய்யும் தொழில்நுட்பத்தையும் வாங்க சோவியத் நிறுவனமான கிளாவ்காஸ்மாசுடன் 235 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தது. அந்த ஆண்டின் இறுதியில் சோவியத் ஒன்றியமே இல்லாமல் போனது. 1992 மே மாதம், ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாட்டைக் காரணம் காட்டி அமெரிக்கா இஸ்ரோவுக்கும் கிளாவ்காஸ்மாசுக்கும் தடை விதித்தது. திரவ ஹைட்ரஜனை நிரப்பி நாள்கணக்கில் காத்திருக்க வைக்க முடியாத ராக்கெட்டை எந்த ராணுவமும் ஏவுகணையாக விரும்பாது. இதை அன்றே பலர் சொன்னார்கள். பயன் இருக்கவில்லை. 1993இல் ரஷ்யா பின்வாங்கியது. செய்து முடித்த அடுக்குகளைத் தருவோம், செய்யும் முறையைத் தரமாட்டோம் என்ற புது ஏற்பாட்டில் ஏழு அடுக்குகள் வருவதாக முடிவானது. கே.வி.டி-1 என்ற பெயரில் அந்த எஞ்சின் இந்தியாவுக்கு வந்தது. 1994 ஏப்ரலில் இஸ்ரோ தன் சொந்த கிரையோஜெனிக் அடுக்குத் திட்டத்தைத் தொடங்கியது.

அந்த நாள்களில் இஸ்ரோவின் கிரையோஜெனிக் வேலைக்குத் தலைமை தாங்கியவர் எஸ். நம்பி நாராயணன். 1941இல் நாகர்கோவிலில் பிறந்தவர். 1970களில் பிரான்சின் எஸ்.இ.பி. நிறுவனத்துடன் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி இந்தியப் பொறியாளர்கள் வைக்கிங் எஞ்சின் வேலையில் பங்கெடுத்துக் கற்றுவந்தார்கள். அதிலிருந்து விகாஸ் எஞ்சினை உருவாக்கிய குழுவை நடத்தியவரும் அவரே. 1985இல் முதல் விகாஸ் பிரான்சின் வெர்னான் நகரில் வெற்றிகரமாக எரிந்தது. 1994 நவம்பரில் ராக்கெட் ரகசியங்களை விற்றதாகக் குற்றம்சாட்டி அவரைக் கைது செய்தார்கள். குற்றச்சாட்டு பொய் என்று மத்தியப் புலனாய்வுத் துறை 1996இல் சொன்னது. அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2018 செப்டம்பரில். கைதுக்கும் அந்தத் தீர்ப்புக்கும் நடுவே 24 ஆண்டுகள். எஞ்சின் கதையைச் சொல்கிறவர்கள் இதைத் தனி அத்தியாயமாக ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அப்படிப் பிரிக்கத் தெரியவில்லை. மிகக் கடினமான சுழற்சியைப் பழகத் தொடங்கிய ஆண்டிலேயே, அந்த வேலையை நடத்தியவரை இந்த நாடு இழந்தது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். விகாஸ் கேஸ் ஜெனரேட்டர் ரகம். இந்தியப் பொறியாளர்களின் கை பழகியது அந்தத் திறந்த சுழற்சியில்தான். மூடிய சுழற்சியோ பெட்டியில் வந்த எஞ்சினாக மட்டும் முன்னால் இருந்தது. அதை அடியொற்றிச் செய்ததுதான் சி.இ-7.5.

அதைச் செய்யப் புதிய உலோகக் கலவைகள் வேண்டியிருந்தன. மைனஸ் 253 டிகிரியில் நொறுங்காத உலோகம், உயவு எண்ணெய் இல்லாமல் அந்தக் குளிரிலேயே சுழலும் தாங்கிகள், வெல்டிங் முறைகள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. 2007 நவம்பர் 15 அன்று மகேந்திரகிரியில் அந்த அடுக்கு 720 விநாடி எரிந்தது. பறக்கும்போது தேவையான முழு நேரம் அது. வேலை முடிந்தது என்று தோன்றியிருக்கும்.

2010 ஏப்ரல் 15. ஜிசாட்-4 செயற்கைக்கோளைச் சுமந்து ஜி.எஸ்.எல்.வி-டி3 கிளம்பியது. கீழ் அடுக்குகள் ஒழுங்காக வேலை செய்தன. கிரையோஜெனிக் எஞ்சினில் பற்றவைப்பும் நடந்தது. தொட்டியிலிருந்து ஹைட்ரஜனைப் பிரதான பம்புக்குத் தள்ளும் ஊக்கப் பம்ப் நிமிடத்துக்கு 34,800 சுற்று வேகத்தை எட்டியது. 0.9 விநாடிக்குப் பிறகு வேகம் சரியத் தொடங்கியது. அடுத்த 0.6 விநாடியில் நின்றுவிட்டது. ஹைட்ரஜன் வரவில்லை, உந்துவிசை எழவில்லை, ராக்கெட் கடலில் விழுந்தது. சுழலும் தண்டு அடைப்பு ஒன்றில் இறுகியிருக்கலாம், அல்லது மிகை அழுத்தத்தாலும் வெப்பத் தகைவாலும் டர்பைனின் உறை பிளந்திருக்கலாம் என்று ஆய்வு முடிவு சொன்னது. தரையில் 720 விநாடி எரிந்த வடிவம், விண்ணில் ஒன்றரை விநாடியில் நின்றது.

அந்த ஒன்றரை விநாடியில்தான் இலட்சியச் சுழற்சிக்கும் நடைமுறைச் சுழற்சிக்கும் இடையிலான தூரம் எனக்குத் தெரிகிறது. பாடப்புத்தகத்தில் அழுத்தமும் கனஅளவும் வரைந்த படத்தில் பம்ப் ஒரு செங்குத்துக் கோடு. அந்தக் கோட்டுக்குள் ஒரு தண்டும் அதைச் சுற்றிய உறையும் இருக்கின்றன. குளிரில் இரண்டும் வேறு வேறு அளவில் சுருங்குகின்றன. நடுவே விட்ட இடைவெளி மயிரிழை. படத்தில் அந்த இடைவெளிக்கு இடமே கிடையாது.

மறுபடி சோதனைகள். இடைவெளிகளை மாற்றினார்கள். தரையில் காற்றுக்கு நடுவே பற்றவைப்பது போதாது என்று, 2013 மார்ச் 27 அன்று மகேந்திரகிரியின் உயர்நிலைச் சோதனைக் கூடத்தில் வெற்றிடச் சூழலை உருவாக்கி எஞ்சினைப் பற்றவைத்துப் பார்த்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 19 அன்று ஏவுதலுக்கு 74 நிமிடம் இருக்கும்போது இரண்டாம் அடுக்கில் எரிபொருள் கசிவு தெரிந்து கவுண்ட்டவுனை நிறுத்தினார்கள். கடைசியில் 2014 ஜனவரி 5 அன்று ஜி.எஸ்.எல்.வி-டி5, 1,982 கிலோ எடையுள்ள ஜிசாட்-14ஐச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அப்போது ஜி.எஸ்.எல்.வி. திட்ட இயக்குநராக இருந்தவர் நாகர்கோவிலை அடுத்த சரக்கல்விளையில் பிறந்த கே. சிவன். பின்னாளில் இஸ்ரோ தலைவரானவர். 1994இல் தொடங்கிய வேலை பலிக்க இருபது ஆண்டு ஆயிற்று.

இந்த இருபது ஆண்டுகள் முடிவதற்கு முன்பே, 2002இல், இன்று எல்.வி.எம்-3 என்று அழைக்கப்படும் கனரக ராக்கெட்டுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. அதன் மேலடுக்குக்கு 20 டன் உந்துவிசை தரும் கிரையோஜெனிக் எஞ்சின் வேண்டும். ரஷ்ய வடிவத்தை அப்படியே பெரிதாக்கிவிடலாம் என்று நினைக்க இடமிருந்தது. இஸ்ரோ அப்படிச் செய்யவில்லை. திறந்த சுழற்சியைத் தேர்ந்தெடுத்தது.

காரணம் எளிது. கேஸ் ஜெனரேட்டர் எஞ்சினில் ஒவ்வொரு பாகமும் தனித்து நிற்கும். கேஸ் ஜெனரேட்டரைத் தனியாக மேடையில் எரித்துப் பார்க்கலாம். ஹைட்ரஜன் பம்பைத் தனியாகச் சுழற்றலாம். ஆக்ஸிஜன் பம்பைத் தனியாக. எரியறைக்குத் தொட்டியிலிருந்தே அழுத்தத்தோடு திரவம் கொடுத்து அதைத் தனியாக எரிக்கலாம். டர்பைன் வாயு எரியறைக்குள் போக வேண்டிய கட்டாயம் இல்லாததால் பம்புகள் தள்ள வேண்டிய அழுத்தமும் குறைவு. எங்காவது தவறு நடந்தால் எந்தப் பாகத்தில் என்று தெரியும். 2010இல் நடந்ததுபோல ஒரு விபத்து, பல மாத ஆய்வாக நீளாமல், ஒரு சோதனை மேடையின் ஒரு நாள் வேலையாக முடியும்.

விலையாகக் கொடுத்தது பதினொரு விநாடி. அது முழுவதும் சுழற்சியால் போனது என்று சொல்வது சரியாகாது. எரிகலவை விகிதம், வாயு வெளியேறும் நாசிலின் அளவு இவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. இரண்டு எஞ்சின்களின் எரியறை அழுத்தமும் 60 வளிமண்டலத்தை ஒட்டியே இருக்கிறது. ஆனாலும் டர்பைனைச் சுழற்றிவிட்டு வெளியே போகும் வாயுவின் இழப்பு திறந்த சுழற்சியில் தவிர்க்க முடியாதது. வெளியேறும் வாயுவின் வேகத்தில் பதினொரு விநாடியின் மதிப்பு விநாடிக்கு ஏறத்தாழ 108 மீட்டர். எஞ்சினைப் பெரிதாக்கி, அடுக்கில் 28 டன் எரிபொருளை ஏற்றி அதை ஈடுகட்டினார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இந்த முடிவைக் குறைந்ததில் திருப்தி அடைவது என்று சிலர் எழுதுவதைப் பார்க்கிறேன். எனக்கு அது தவறாகப் படுகிறது. இலட்சியச் சுழற்சி ஓர் அளவுகோல். எவ்வளவு தொலைவில் இருக்கிறோம் என்று அது சொல்லும். அதை நோக்கியே நட என்று அது கட்டளையிடுவதில்லை. இன்னொரு பக்கமும் இருக்கிறது. சி.இ-7.5இன் இருபது ஆண்டுகள் இல்லாமல் சி.இ-20 வந்திருக்காது. அந்தக் குளிரில் சுழலும் தாங்கியைச் செய்யத் தெரிந்தது அங்கே. ஹைட்ரஜனைச் சேமிக்கவும் கையாளவும் கற்றது அங்கே. முதல் எஞ்சின் பள்ளிக்கூடமாக இருந்ததால்தான் இரண்டாவது எஞ்சினுக்கு எளிய வழியைத் தேர்ந்தெடுக்கும் தெளிவு வந்தது.

எரிகலவையைப் பற்றி மேலே ஒரு வார்த்தை சொன்னேன். இலட்சியமும் நடைமுறையும் மிக அழகாக மோதிக்கொள்வது அங்கேதான். ஒரு கிலோ ஹைட்ரஜன் முழுமையாக எரிய எட்டுக் கிலோ ஆக்ஸிஜன் வேண்டும். வேதியியல் இலட்சியம் அது. வெப்பமும் அதற்கருகில்தான் உச்சம். சி.இ-20 எரிப்பது ஒரு கிலோவுக்கு 5.05 கிலோ. ஹைட்ரஜனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரியாமலே வெளியேறுகிறது. இதைத் தெரிந்தே செய்கிறார்கள். எரிந்து வருவது நீராவி, கனமான மூலக்கூறு. எரியாத ஹைட்ரஜன் மிக இலேசு. கலவையின் சராசரி எடை குறையும்போது, வெப்பம் கொஞ்சம் குறைந்தாலும் வாயு வேகமாக ஓடுகிறது. எரியறைச் சுவரும் பிழைக்கிறது. முழுதாக எரிப்பது சிறந்த எரிப்பு அல்ல என்ற இந்த உண்மையை நான் முதன்முதலில் படித்தபோது அடைந்த வியப்பு இன்னும் குறையவில்லை. சுவரைக் காப்பதிலும் வெப்பம் வீணாவதில்லை. எரியறைக்குள் போகும் முன் ஹைட்ரஜன் அந்தச் சுவருக்குள்ளிருக்கும் நுண்ணிய கால்வாய்களில் ஓடி, சுவரின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு, அதையும் சேர்த்து எரியறைக்குள் கொண்டு போகிறது.

நாசிலின் கதை வேறு. வாயு எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு வேலை கிடைக்கும். முடிவில்லாமல் விரிந்தால் எல்லாமே வேலையாகிவிடும். அதற்கு முடிவில்லாத நீளமுள்ள நாசில் வேண்டும். சி.இ-20இன் நாசில் வாயின் பரப்பு, அதன் கழுத்தின் பரப்பைப் போல நூறு மடங்கு. வாயில் வாயுவின் அழுத்தம் 50 மில்லிபாராக இறங்கிவிடுகிறது. விண்வெளிக்கு அது பொருத்தம். மகேந்திரகிரியில் காற்று அதைப் போல ஏறத்தாழ இருபது மடங்கு அழுத்தத்தோடு சூழ்ந்து நிற்கிறது. அந்தக் காற்று நாசிலுக்குள் புகுந்து, வாயுவைச் சுவரிலிருந்து பிரிக்கிறது. பிரியும் இடத்தில் கடும் அதிர்வு, நாசிலே சிதையலாம். எனவே பறக்கப் போகும் ஒவ்வொரு எஞ்சினையும் வெற்றிடக் கூடத்துக்குள் வைத்துச் சோதிக்க வேண்டியிருந்தது. சிக்கலான, செலவு பிடிக்கும் வேலை. 2024 நவம்பர் 29 அன்று, நாசிலைக் காக்கும் ஒரு தனி அமைப்பைப் பொருத்தி, சாதாரணக் காற்றழுத்தத்திலேயே முழு நாசிலோடு எஞ்சினை எரித்துக் காட்டினார்கள். செய்தித்தாள்களில் இது சிறிய செய்தி. வானத்துக்காகச் செய்த பொருளைத் தரையில் சோதிக்க வழி கண்டது எவ்வளவு பெரிய காரியம் என்பது சோதனை மேடையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

சி.இ-20 பறந்த கதை சுருக்கமானது. அதுவே அதன் பெருமை. 2015 ஜூலை 16 அன்று மகேந்திரகிரியில் 800 விநாடி எரிந்தது. பறக்கும்போது வேண்டியதைவிடக் கால் பங்கு அதிகம். 2017 பிப்ரவரியில் முழு அடுக்காக 640 விநாடி. அதே வடிவத்தில் பறப்பதற்கெனச் செய்த அடுக்கு, 2017 ஜூன் 5 அன்று 3,136 கிலோ எடையுள்ள ஜிசாட்-19ஐத் தூக்கியது. முதல் பயணத்திலேயே வெற்றி. அந்த அடுக்கின் திட்ட இயக்குநர் வி. நாராயணன், குமரி மாவட்டத்து மேலக்காட்டுவிளைக்காரர். 1984இல் இஸ்ரோவில் சேர்ந்து, கரக்பூர் ஐ.ஐ.டி.யில் கிரையோஜெனிக் பொறியியலைத் தனிப்பாடமாகப் படித்தவர். 2025 ஜனவரியில் இஸ்ரோவின் தலைவரானார்.

ககன்யானுக்காக இந்த எஞ்சினை மனிதர் செல்லும் தரத்துக்கு உயர்த்த வேண்டியிருந்தது. அதற்கான கணக்கு பாகம் பாகமாகச் சோதிக்கும் பழக்கத்துக்குக் கிடைத்த பலன்போல எனக்குத் தெரிகிறது. நான்கு எஞ்சின்களை 39 முறை எரித்தார்கள். மொத்தம் 8,810 விநாடி. விதி கேட்டது 6,350 விநாடிதான். 2024 பிப்ரவரியில் அந்தத் தகுதிச் சோதனைகள் நிறைவு பெற்றன. உந்துவிசையை 19 டன்னிலிருந்து 20க்கும், பிறகு 22க்கும் உயர்த்தும் வேலையும் கூடவே நடந்தது. ஒரு வடிவம் பிடிபட்டுவிட்டால் அதை இப்படி இழுத்துப் பார்க்க முடிகிறது.

மூடிய சுழற்சியை இஸ்ரோ கைவிட்டுவிடவில்லை. எஸ்.இ-2000 என்ற அடுத்த எஞ்சின் 2,000 கிலோநியூட்டன் உந்துவிசைக்காக வடிவமைக்கப்பட்டது. எரிபொருள் ஹைட்ரஜன் அல்ல; சுத்திகரித்த மண்ணெண்ணெயும் திரவ ஆக்ஸிஜனும். சுழற்சி, படிநிலை எரிதல். இம்முறை முன்னறையில் ஆக்ஸிஜன் மிகுதி. சூடான ஆக்ஸிஜன் வாயு டர்பைனைச் சுழற்றும், உலோகத்தையே எரிக்கத் தயாராக இருக்கும் வாயு அது. ராக்கெட்டை அடியிலிருந்து தூக்கும் அடுக்குக்கு இவ்வளவு பெரிய எஞ்சின் வேண்டும்போது, எரியறை அழுத்தத்தை மிக உயர்த்தியாக வேண்டும். அழுத்தம் உயர உயர டர்பைனுக்குக் கொடுக்கும் கூலியும் பெருகும். அதை வெளியே விட்டுவிட்டால் இழப்பு தாங்காது. இங்கே மூடிய சுழற்சியின் கடினம் விலை பெறும் கடினம்.

இந்த எஞ்சினை அவர்கள் வளர்க்கும் முறையைப் பாருங்கள். முழு எஞ்சினைப் பூட்டி எரிக்கவில்லை. எரியறையை மட்டும் விட்டுவிட்டு, முன்னறை, டர்போ பம்புகள், கட்டுப்பாட்டு உறுப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சோதனைத் தொகுதியாக்கினார்கள். பிரிக்க முடியாததைப் பிரித்துச் சோதிக்க வழி தேடியிருக்கிறார்கள். மகேந்திரகிரியில் இதற்கென எழுப்பிய புது மேடையில் 2023 ஜூலையில் முதல் முறை எரித்தபோது, 4.5 விநாடிக்குத் திட்டமிட்ட சோதனை 1.9 விநாடியில் டர்பைன் அழுத்தம் திடீரென எகிறியதால் நிறுத்தப்பட்டது. அந்த 1.9 விநாடியின் பதிவுகளை வைத்துக்கொண்டு ஒன்றே முக்கால் ஆண்டு வேலை செய்தார்கள். 2025 மார்ச் 28 அன்று அடுத்த எரிப்பு. திட்டமிட்ட 2.5 விநாடியும் முழுதாக எரிந்தது. ஏப்ரல் 24 அன்று 3.5 விநாடி.